மதிலுக்கு எந்தப் பக்கம் நின்று சொல்கிறார்? கேட்டட் கம்யூனிட்டி பற்றிய தகவல்களை எடைபோட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டட் கம்யூனிட்டி, அதாவது சுற்றுமதிலும் வாசலும் வைத்த குடியிருப்பு, பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. விற்கும் பில்டர், வாங்கிய உரிமையாளர், செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறவர், வீட்டுக்கடன் கொடுக்கிறவர் ஒரு பக்கம். மதிலைக் கண்டாலே எரிச்சல்படும் நகரியல் ஆய்வாளர்கள் இன்னொரு பக்கம். நகர விஷயங்கள் பற்றிய கட்டுரைகளைத் திருத்திச் சரிபார்ப்பது என் வேலை. அதில் கட்டுரை எழுதும் மாணவர்களும், செய்தியாளர்களும், வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எழுதியவர் யார் என்பதையா?

அதற்கும் முன்னால், அவர் எதைக் கேட்டட் கம்யூனிட்டி என்கிறார் என்று பாருங்கள். இந்த ஒரு சொல்லில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது.

அமெரிக்காவில் அரசே நடத்தும் வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் 2001ல் முதன்முறையாக இது பற்றி இரண்டு கேள்விகள் சேர்த்தார்கள். வெளியாட்கள் நுழைய முடியாதபடி உங்கள் குடியிருப்பைச் சுற்றி மதிலோ வேலியோ உண்டா என்பது ஒன்று. உள்ளே போக ரகசிய எண், அட்டை, காவலாளி அனுமதி போன்ற ஏதாவது வேண்டுமா என்பது அடுத்தது. முதல் கேள்விக்கு ஆம் என்றவை சுமார் 70 லட்சம் குடும்பங்கள். இரண்டாவது கேள்வியும் பொருந்தியவை சுமார் 40 லட்சம்தான். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே படிவம். இதில் எந்த எண்ணை எடுத்தாலும் "கேட்டட் கம்யூனிட்டியில் வாழ்பவர்கள்" என்று தலைப்புப் போட்டுவிடலாம், போட்டும் இருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் அந்தக் கணக்கில் உண்டு. தாமஸ் சான்செஸும் உடன் ஆய்வாளர்களும் 2005ல் அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, சொந்த வீட்டுக்காரர்களைவிட வாடகைக்காரர்கள்தான் மதிலுக்குள் வாழும் வாய்ப்பு அதிகம் என்று வந்தது. நீச்சல் குளமும் கோல்ஃப் மைதானமும் வைத்த பணக்காரக் குடியிருப்பை மனதில் வைத்து எழுதப்பட்ட அத்தனை கட்டுரைகளும், சுற்றுவேலி போட்ட வாடகை அடுக்ககத்தை மறந்துவிட்டன.

எட்வர்ட் பிளேக்லியும் மேரி கெய்ல் ஸ்னைடரும் 1997லேயே இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: பொழுதுபோக்கு வசதிகளுக்காகச் சேர்ந்து வாழ்பவை, அந்தஸ்துக்காக வாசல் வைத்தவை, பயத்தால் இருந்த தெருவையே அடைத்துக்கொண்டவை. தென்னாப்பிரிக்காவில் இன்னும் தெளிவு. மதிலோடு புதிதாகக் கட்டப்பட்டதற்கு ஒரு பெயர், பழைய பொதுத்தெருவைப் பிற்பாடு தடுப்புப் போட்டு மூடியதற்கு வேறு பெயர். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு "ஆய்வு சொல்கிறது" என்று எழுதும் கட்டுரையை நான் அங்கேயே மூடிவைத்துவிடுவேன்.

உலகின் முதல் கேட்டட் கம்யூனிட்டி இதுதான் என்று ஓர் இடத்தைச் சொல்கிறார்களே?

மேலே சொன்னதன் நீட்சிதான். நியூஜெர்சியின் லுவெல்லின் பார்க் என்பார்கள் (1857). நியூயார்க் மாநிலத்தின் டக்சிடோ பார்க் என்பார்கள் (1886). செயின்ட் லூயிஸ் நகரின் தனியார் தெருக்களைச் சொல்பவர்களும் உண்டு. கோட்டைக்குள் ஊர் வைத்த காலத்துக்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். வரையறையைச் சொல்லாமல் "முதல்" என்று மட்டும் சொன்னால் அந்த வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லாமல் விட்டால் கட்டுரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பில்டர் தரும் புரோஷரை ஆதாரமாகக் காட்டலாமா?

எத்தனை வீடுகள், எத்தனை ஏக்கர், எத்தனை வாசல், வரைபடத்தில் பூங்கா எங்கே என்பதற்குக் காட்டலாம். அதுவும் அனுமதி வாங்கிய வரைபடத்தோடு ஒத்துப் பார்த்த பிறகு. வேறு எதற்கும் வேண்டாம்.

ஒரு வழக்கமான வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "24 மணி நேர மூன்றடுக்குப் பாதுகாப்பு." மூன்று அடுக்கு என்றால் என்னென்ன? பெரும்பாலும் மதில், வாசல் காவலாளி, கேமரா. கேமராவில் பதிவாவதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்களா, அல்லது திருடு போன பிறகு ஓட்டிப் பார்ப்பதற்கா? காவலாளி ஒருவர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து நிற்கிறார்? மூன்றடுக்கு என்பது கருவிகளின் பட்டியல். பாதுகாப்பு என்பது விளைவு. பட்டியலைக் காட்டி விளைவை விற்கிறது அந்த வாக்கியம். பொய் என்று யாரும் வழக்குப் போடவும் முடியாது.

ஒருமுறை ஒரு குடியிருப்புக்கு ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் பதிவேட்டை நீட்டினார்கள். அவசரத்தில் வண்டி எண்ணுக்கான கட்டத்தில் கைபேசி எண்ணை எழுதிவிட்டேன், கைபேசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். காவலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "போங்க சார்" என்றார். எனக்கு மேலே இருந்த ஆறேழு வரிகளில் பெயர் என்ற இடத்தில் "டெலிவரி" என்றே இருந்தது. அந்த இடத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "வருகையாளர் ஒவ்வொருவரும் பதிவு செய்யப்படுகிறார்கள்" என்று அவர்கள் புரோஷரில் ஒரு வரி இருந்தது. வரி உண்மைதான். பதிவு செய்தார்கள்.

சரி, மதிலுக்குள் குற்றம் குறைவா இல்லையா? ஒரு ஆய்வு ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறதே?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லும் எதையும் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவில் லின் அடிங்டனும் காலி ரெனிசனும் 2015ல் வெளியிட்ட ஆய்வு, மதில் சூழ்ந்த வீடுகளில் வீடு புகுந்து திருடுவது குறைவு என்றது. அதற்கு ஓராண்டு முன்பு கிரெகரி பிரீட்ஸ்கே, கரினா லண்ட்மன், எலன் கோன் மூவரும் தென்னாப்பிரிக்காவின் ஷ்வானே பகுதியில் செய்த ஆய்வோ, அத்தகைய குடியிருப்புகளிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும் வீட்டுத் திருட்டு அதிகம் என்றது. இரண்டும் சக ஆய்வாளர்கள் பரிசீலித்து ஆய்விதழில் வந்தவை. யாரோ பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டத் தேவையில்லை.

முதல் ஆய்வு வீடு வீடாகக் கேட்டது. உங்கள் வீட்டில் திருட்டு நடந்ததா என்று குடும்பத்தாரிடம் நேரடியாகக் கேட்கும் தேசியக் கணக்கெடுப்பு அது. போலீசுக்குப் போகாத சம்பவமும் அதில் விழும். இரண்டாவது, போலீஸ் பதிவுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தது. முதலாவதில் அலகு வீடு, இரண்டாவதில் அலகு இடம். நாடுகளும் வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எது முன்னால் வந்தது என்பது. திருட்டு அதிகமான இடத்தில்தான் மக்கள் தெருவை அடைக்கிறார்கள் என்றால், அடைத்த இடங்களில் திருட்டு அதிகமாகத்தான் தெரியும். மருத்துவமனை இருக்கும் இடத்தில் நோயாளிகள் அதிகம் என்பதுபோல.

போலீஸ் புள்ளிவிவரத்தை வைத்துப் பேசும் எந்தக் கட்டுரையிலும் இன்னொன்றைத் தேடுங்கள். காவல் நிலைய எல்லையும் குடியிருப்பின் மதிலும் ஒன்றாக இருப்பதே இல்லை. "அந்தக் குடியிருப்பில் இத்தனை குற்றம்" என்று ஒருவர் சொன்னால், நிலையத்தின் மொத்தக் கணக்கிலிருந்து மதிலுக்குள் நடந்ததை மட்டும் எப்படிப் பிரித்தார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் பிரிக்கவில்லை என்றே கொள்ளுங்கள். உள்ளே நடக்கும் சில விஷயங்கள், முக்கியமாக வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும், உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகள் செய்யும் சேதமும், அசோசியேஷன் அளவிலேயே பேசி முடிக்கப்பட்டுவிடும். அவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. குற்றம் என்றாலே வெளியாள் என்று எழுதும் கட்டுரைகள் இவற்றை எண்ணுவதே இல்லை.

குற்றம் பாதியாகக் குறைந்தது என்று குறிப்பிட்ட எண்ணோடு சொன்னால்?

எண் இருந்தால் நல்லது, ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் எண்ணினார்? எத்தனை காலம்? பக்கத்துத் தெருவில் அதே காலத்தில் என்ன ஆனது?

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, ஒஹாயோ மாநிலம் டேட்டன் நகரின் ஃபைவ் ஓக்ஸ் பகுதி. கட்டிடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972லிருந்தே, இடத்தை வடிவமைக்கும் விதத்தால் குற்றத்தைக் குறைக்கலாம் என்று வாதிட்டு வந்தவர். அவர் யோசனைப்படி 1990களின் தொடக்கத்தில் அங்கே தெருக்களை வாயில்களால் மூடிச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். மொத்தக் குற்றம் 26 சதவீதமும் வன்முறைக் குற்றம் 50 சதவீதமும் குறைந்ததாக 1996ல் அமெரிக்க வீட்டுவசதித் துறைக்காக அவர் எழுதிய நூலில் இருக்கிறது.

அந்த எண்களை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வடிவமைத்தவரே வெற்றிக் கதையையும் எழுதுகிறார், சொல்லப்படுவது முதல் ஓராண்டு மாற்றம். இது காரைத் தடுத்த ஏற்பாடு என்பதும், நடந்து போகிறவருக்கு வழி திறந்தே இருந்தது என்பதும் மேற்கோளில் காணாமல் போய்விடும். அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச அதைக் காட்டலாம். மதிலும் காவலாளியும் வைத்த அடுக்ககத்துக்கு அதைச் சான்றாக இழுத்து வந்தால் அது வேறு பொருளுக்கு வாங்கிய ரசீது.

"நாங்கள் இங்கே பாதுகாப்பாக உணர்கிறோம்" என்று குடியிருப்பவர்களே சொல்கிறார்கள். அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

உணர்வுக்கு அது முதல்தர ஆதாரம். பாதுகாப்புக்கு அல்ல. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை ஜார்ஜியானா வில்சன்-டோன்ஜஸ் 2000ல் அழகாகப் பிரித்துக் காட்டினார். கலிபோர்னியாவில் நான்கு குடியிருப்புகள்: வசதியானவர்களுடையவை இரண்டு, அரசு வீட்டுவசதிக் குடியிருப்புகள் இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று வாசல் வைத்தது, ஒன்று வைக்காதது. வசதியான ஜோடியில், மதிலுக்குள் இருப்பவர்கள் கூடுதல் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். ஆனால் நடந்த குற்றங்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அக்கம்பக்கத்து நெருக்கம் மதிலுக்குள் குறைவாகவே இருந்தது. ஏழைகளின் ஜோடியில் எதிலுமே பெரிய வேறுபாடு இல்லை. நான்கே இடங்கள்தான், அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் ஒத்த ஜோடிகளை வைத்து ஒப்பிட்ட அந்த முறை, ஆயிரம் பேரிடம் "திருப்தியா?" என்று கேட்டுவரும் விளம்பரக் கருத்துக்கணிப்பைவிடப் பல மடங்கு மேல்.

சொந்தமாக வாங்கியவர் தன் குடியிருப்பைப் பற்றிக் குறை சொன்னால் அவருடைய வீட்டு மதிப்பைத்தான் குறைத்துக்கொள்கிறார். காலம் பூராவும் தவணை கட்டப் போகிறவர் "ஏமாந்துவிட்டேன்" என்று எளிதில் சொல்வாரா? அவர் பொய் சொல்கிறார் என்பதில்லை, நம்ப விரும்புகிறார். எதிர்ப்பக்கமும் உண்டு. அசோசியேஷனோடு வாகன நிறுத்தத் தகராறு உள்ளவர் எழுதும் ஒற்றை நட்சத்திர விமர்சனம், குடியிருப்பைப் பற்றியதல்ல, தகராறைப் பற்றியது.

பிரேசிலின் சாவோ பாவ்லோவை ஆராய்ந்த மானுடவியலாளர் டெரேசா கால்டெய்ரா 2000ல் வெளியிட்ட ஆய்வில், குற்றம் பற்றிய பேச்சையே ஒரு தனி விஷயமாக எடுத்துக்கொண்டார். யாருக்கோ நடந்த கொள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, பயமும் மதிலும் சேர்ந்தே வளர்கின்றன என்பது அவர் வாதம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழு எதிலாவது இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "பக்கத்து பிளாக்கில் யாரோ சுற்றுகிறார்கள்" என்ற ஒரு செய்தி, மாலைக்குள் எத்தனை பேர், எத்தனை கத்தி என்று வளர்ந்திருக்கும்.

குடியிருப்பவர்கள் தவிர வேறு யாரைக் கேட்கலாம்?

வாடகைக்கு இருந்து காலி செய்தவர்கள். வீட்டு மதிப்பைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை. காவலாளிகள், வீட்டு வேலை செய்பவர்கள், பிளம்பர்கள். எந்தப் பின்கதவு பூட்டுவதில்லை என்று இவர்களுக்குத்தான் தெரியும். மதிலுக்கு வெளியே, மதில் வந்த பிறகு சுற்றிக்கொண்டு நடப்பவர்கள். செய்திக் கட்டுரையில் இந்த மூன்று வகையில் ஒருவர்கூட இல்லையென்றால் செய்தியாளர் கிளப் ஹவுஸைத் தாண்டிப் போகவில்லை. பேசுபவருக்கு வேலை போய்விடாமல் பெயரை மறைப்பது உங்கள் பொறுப்பு.

பேராசிரியர் எழுதி ஆய்விதழில் வந்தால் நம்பலாம்தானே?

ஆய்வு முறையை நம்பலாம், சொல்லாட்சியைக் கவனியுங்கள். இந்தத் துறையில் "கோட்டை", "முற்றுகை", "பிரிவினை" போன்ற சொற்கள் தரவு வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபக்கம், கிறிஸ் வெப்ஸ்டர் போன்றவர்கள் பொருளாதாரக் கோணத்தில் பார்க்கிறார்கள். கட்டணம் கட்டியவர்கள் மட்டும் பகிரும் கிளப்பைப் போன்ற ஏற்பாடு இது, பூங்காவையும் தெருவிளக்கையும் ஒழுங்காகப் பராமரிக்க வழி செய்கிறது என்பது அந்த வாதம். ஒரே வாசலைப் பார்த்து ஒருவர் விலக்கு என்கிறார், மற்றவர் ஒப்பந்தம் என்கிறார். இரண்டு பக்கத்திலும் ஒன்றாவது படிக்காமல் எழுதாதீர்கள்.

செத்தா லோ 2003ல் வெளியிட்டது போன்ற மானுடவியல் ஆய்வுகள் நேர்காணல்களின் மேல் நிற்பவை. ஏன் உள்ளே போனார்கள் என்பதற்கு அவற்றைப் போல எதுவும் உதவாது. எத்தனை சதவீதம் பேர் என்பதற்கு அவற்றைக் காட்டினால் தவறு எழுத்தாளர் மேல் இல்லை, உங்கள் மேல்.

மதில் இருந்தால் வீட்டு விலை கூடும் என்கிறார்களே?

யார் சொல்கிறார் என்று பார்த்தாலே பாதி முடிந்தது. மீதிப் பாதி: கேட்கும் விலையா, பதிவான விலையா? மதிலுக்குள் உள்ள வீடுகள் பெரும்பாலும் புதியவை, பெரியவை, நீச்சல் குளம் வைத்தவை. அதே வயது, அதே பரப்பு, அதே வசதியோடு மதில் இல்லாத வீட்டோடு ஒப்பிட்டால்தான் மதிலின் விலை தெரியும். மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்தார்களா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கழித்திருக்க மாட்டார்கள்.

செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது?

தலைப்பை விட்டுவிட்டு மூலத்துக்குப் போங்கள். 2016 பிப்ரவரியில் சீன அரசு நகர வளர்ச்சி பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூடிய குடியிருப்பு வளாகங்களை "கொள்கையளவில்" இனிப் புதிதாகக் கட்டுவதில்லை, இருப்பவற்றைப் "படிப்படியாக" திறப்பது என்று அதில் இருந்தது. உலகம் முழுவதும் போன செய்தி, சீனா மதில்களை இடிக்கிறது என்பதாக. கொள்கையளவில், படிப்படியாக என்ற இரண்டு சொற்களும் வழியில் உதிர்ந்துவிட்டன. அரசு ஆவணங்களில் உயிரே அந்த மாதிரிச் சொற்களில்தான் இருக்கும்.

அர்ஜென்டினாவின் நோர்டெல்டா கதை இன்னும் சுவாரசியம். புவேனோஸ் ஐரிஸுக்கு வடக்கே சதுப்பு நிலத்தில் எழுந்த பெரிய மதில் நகரம் அது. 2021ல் காபிபாரா என்ற பெரிய கொறிவிலங்குகள் அங்கே புல்வெளிகளை மேய்ந்து திரிந்தன. "படையெடுப்பு" என்று தலைப்புகள் வந்தன. அந்தச் சதுப்பு நிலமே அவற்றின் வீடு என்று சூழலியலாளர்கள் சொன்னது சில செய்திகளில் கடைசிப் பத்தியில் இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்தார்கள் என்பதே செய்தியைத் தீர்மானித்துவிட்டது.

ஒரே எண் பத்து இடத்தில் வருகிறது. அப்படியென்றால் சரியாகத்தானே இருக்கும்?

பத்தும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான். 1997ல் வந்த மதிப்பீடு ஒன்று, அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மதிலுக்குள் வாழ்வதாகச் சொன்னது. தலையெண்ணிய கணக்கல்ல, மதிப்பீடு. 2001ல் அரசுக் கணக்கு வந்த பிறகும் பழைய எண் ஓயவில்லை. குடும்பங்கள், ஆட்கள், வீடுகள் என்ற மூன்று அலகுகளும் கலந்துகொண்டு, ஓர் இடத்தில் ஆட்களாக இருந்தது இன்னோர் இடத்தில் வீடுகளாகிவிடும். உரிமையாளர் சங்கங்களின் எண்ணிக்கையை மதில் குடியிருப்புகளின் எண்ணிக்கையாகத் தூக்கிப் போடுவதும் உண்டு. சங்கம் இருக்கும், மதில் இருக்காது.

குடியிருப்பு அசோசியேஷனின் ஆவணங்கள்?

இருப்பதிலேயே மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படும் ஆதாரம் இதுதான். விதிகள், ஆண்டு வரவு செலவு, பொதுக்குழுக் குறிப்பு மூன்றும் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். விளம்பரத்துக்காக எழுதப்படாததால் அவற்றில் உண்மை தற்செயலாக வந்து விழும். சுற்றுமதில் பழுதுக்கு மூன்று ஆண்டாகப் பணம் ஒதுக்கி ஒவ்வோர் ஆண்டும் செலவாகாமல் இருந்தால், மதில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்கவே தேவையில்லை.

சாட்பாட்டிடம் கேட்டு எழுதலாமா?

தேடத் தொடங்குவதற்குக் கேட்கலாம். மதில் குடியிருப்பும் குற்றமும் பற்றி நான் ஒரு சாட்பாட்டிடம் கேட்டேன். அழகான பதில், கூடவே ஒரு ஆய்வுக் கட்டுரையின் பெயர், ஆண்டு, ஆய்விதழ் எல்லாம். நூலக அட்டவணையில் அந்தத் தலைப்பு கிடையாது. ஆசிரியர்கள் உண்மையானவர்கள்தான். அவர்களுடைய அசல் கட்டுரை வேறு தலைப்பில் இருந்தது, சாட்பாட் சொன்னதற்கு நேர் எதிரான முடிவோடு.